கறம்பக்குடியில் மயங்கி விழுந்த மடிக்கணினி

எந்த லேப்டாப் எந்த நட்சத்திரத்துக்கு ஆகும் என்று கை வைத்துச் சொல்லும் கணினிச் சித்தர் கறம்பக்குடியில் கடை விரித்த பிறகு, டவுன் பஸ்ஸில் மனிதர்களைவிட லேப்டாப்புகளே அதிகம் வந்தன. ஒவ்வொன்றும் நெற்றியில் சந்தனப் பொட்டோடு யார் மடியிலாவது உட்கார்ந்து வந்தது. வாசலில் எலுமிச்சம்பழ வியாபாரம் தனி. வண்டிச் சக்கரத்துக்கு அடியில் பழம் வைக்கிற பழக்கத்தில், ஒருவர் போன வாரம் லேப்டாப்புக்கு அடியில் வைத்து, மேலே ஏறி நின்று நசுக்கிப் பார்த்தார். பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

சித்தர் ஊருக்குப் புதியவர் அல்லர். முன்பு உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தவர். தேங்காய் எழுந்து நின்ற இடங்களில் வல்லத்திராக்கோட்டை சிவசாமி மூன்று போர் போட்டார். மூன்றிலும் புழுதி வந்தது. மூன்றாவதில் மட்டும் கொஞ்சம் சூடான புழுதி. அதற்காகச் சித்தரை அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "நம்ம மண்ணு சரியில்ல" என்று நிலத்தைத்தான் திட்டினார்.

அந்தச் சிவசாமிதான் அன்று மனைவி இருளாயியோடும் மகள் இளமதியோடும் வரிசையில் நின்றார். இளமதி கோயம்புத்தூரில் வீடியோ கேம் உருவாக்கும் படிப்பு படிக்கிறாள். வாராவாரம் ஊருக்கு வருவாள், பாதி தூரம் பஸ்ஸில் நின்றபடியே. அதனால் இரண்டு மாதம் அலசி, பெரிய பெரிய கேமும் ஓடும், எடையும் ஒன்றரைக் கிலோதான் என்று ஒரு லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்து வாங்கியிருந்தாள். வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுக்க மறுநாள் கடைசி. சித்தர் சரி சொல்லாவிட்டால் கொடுத்துவிடுவது என்று சிவசாமி முடிவு செய்திருந்தார்.

"அது என் நட்சத்திரமெல்லாம் கேக்காதுப்பா. கரண்டு மட்டுந்தான் கேக்கும்."

"சும்மா இரு தாயி. பெரியவுக பாத்துச் சொல்லட்டும்."

முறை வந்தது. "என்ன நட்சத்திரம்?" என்றார் சித்தர்.

"பரணிங்க சாமி," என்றாள் இருளாயி.

சித்தர் கண்ணை மூடினார். கனத்த செம்புக் காப்பு போட்ட வலது கையை, திறந்திருந்த லேப்டாப்பின் விளிம்பில் மெல்ல ஓட்டினார். திரை பொசுக்கென்று இருண்டது. கூட்டம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது.

"மயங்கிருச்சு பாத்தீங்களா? பரணிக்கு இது ஆகாது. வச்சிருந்தா பிள்ளைக்குப் படிப்பு இருண்டுரும்."

படிப்பு இருளாமலிருக்க வழியும் அவரே வைத்திருந்தார். பக்கத்திலேயே மச்சான் கடை. அங்கிருந்து ஒரு லேப்டாப் வந்தது. வந்தது என்றால், இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். எடை நாலு கிலோ. அதன் சார்ஜரைக் கல்லாகப் போட்டு வீட்டுக்கு அஸ்திவாரம் கட்டலாம். சித்தர் அதன்மேல் இடது கையை ஓட்டினார். திரை ஜெகஜோதியாய் எரிந்தது.

சிவசாமி மனதுக்குள் அந்தப் பாரத்தை மகள் தோளில் ஏற்றிப் பார்த்தார். திருச்சி பஸ் படிக்கட்டில் பிள்ளை ஒருபக்கமாகச் சாய்ந்தாள். ஆனாலும் கிரகம் சொல்லிவிட்டதே.

"சாமி, ஒரே ஒரு சந்தேகம்," என்றாள் இளமதி. "என்னோடதுக்கு வலது கை வச்சீங்க, ஒங்களோடதுக்கு இடது கை. கைய மட்டும் மாத்தி வச்சுப் பாருங்களேன்."

"கைய மாத்துனா கிரகம் கோவிச்சுக்கும்."

"கோவிச்சா என்னையத்தானே கோவிக்கும். வைங்க."

கிரகம் கோபித்து யாரும் நேரில் பார்த்ததில்லை. அதனால் வரிசை மொத்தமும் ஆவலாக முன்னுக்கு வந்தது. சிவசாமி கும்பிட்டார். "வைங்க சாமி. அப்பத்தான் இதுக்குப் புத்தி வரும்."

முழு நம்பிக்கையோடு ஒரு பக்தன் கேட்டால் எந்தச் சித்தரால் மறுக்க முடியும்? இளமதி மறுபடி எழுப்பி வைத்த சின்ன லேப்டாப், இடது கை பட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது. வலது கை பட்டதும் நாலு கிலோ உடம்பு சத்தமில்லாமல் மயங்கியது.

"கிரகம் இடம் மாறிருச்சு," என்று சொல்லி, அவர்களை அனுப்பிவிடும் அவசரத்தில் சித்தர் அதே வலது கையால் இருளாயிக்குத் திருநீறு நீட்டினார். அவள் கைவளையலில் கொத்தாகத் தொங்கிய ஊக்குகள் துள்ளிப் போய்ச் செம்புக் காப்பில் ஒட்டிக்கொண்டன. சித்தர் கையை இழுத்தார். இருளாயியும் கூடவே வந்தாள்.

"கைய விடுங்க சாமி. எங்க வீட்டுக்காரரு பாத்துக்கிட்டு நிக்கிறாரு."

"நான் புடிக்கலம்மா."

"பின்ன ஆரு புடிச்சிருக்கா, கிரகமா?"

இளமதி அம்மாவின் ஊக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். "காப்புக்குள்ள காந்தம் இருக்கும்மா. லேப்டாப் மூடியிலயும் ஒரு குட்டிக் காந்தம் உண்டு. அது கிட்ட வந்தா, மூடிட்டாங்கன்னு நெனச்சு மெஷின் தூங்கிரும். இவரு தூங்க வச்சுட்டு மயக்கம்ங்கறாரு."

மச்சான் கடையின் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. சிவசாமி மட்டும் நகரவில்லை.

"போருக்கும் இந்தக் கைதானா சாமி?"

சித்தர் காப்பைத் துண்டுக்குள் மறைத்தார்.

"அப்ப என் மண்ணு மேல தப்பு இல்ல," என்றார் சிவசாமி. பத்து வருடமாகத் திட்டு வாங்கிய நிலத்தை நினைத்து அவருக்கே சங்கடமாக இருந்தது. பிறகு மகளின் ஒன்றரைக் கிலோவைத் தானே பையில் வைத்து, தானே தோளில் மாட்டிக்கொண்டார். கனமே தெரியவில்லை.

வரிசையின் கடைசியில் நின்றவர் தன் லேப்டாப்பை அணைத்தபடி கவலையோடு கேட்டார்: "இப்ப இத எங்கிட்டுப் போய்க் காட்டுறது?"

ஊக்கு இழுபட்டதில் தப்பில்லை. அது இரும்பு, காந்தம் கூப்பிட்டால் போயாக வேண்டும். வரிசைக் கடைசியில் நிற்கும் ஐயா, உங்கள் தலைக்குள் இருப்பதும் இரும்புதானா?