தோமஸ் வில்லட் இன்னும் இறக்கவில்லை

அலுவலகம் என்றால் சுத்தமாக இருக்க வேண்டும். இதை யாரும் மறுக்க முடியாது. கல்முனைப் பக்கத்து ஆவணக் காப்பகம் ஒன்று உற்பத்தித்திறன் போட்டியில் சேர்ந்தபோது, அதன் பொறுப்பதிகாரி மிஹ்லார் சேர்கூட மறுக்கவில்லை. போட்டியின் முதல் விதி இது: தேவையில்லாத பொருட்களில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், ஒரு மாதத்துக்குள் யாரும் காரணம் காட்டாவிட்டால் எரித்துவிட வேண்டும். ஆவணக் காப்பகத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் பொருள் எது என்று பார்த்தார்கள். ஆவணங்கள்தான் கிடந்தன.

ஸ்டிக்கர் ஒட்டும் பொறுப்பு ஆவண உதவியாளர் ஜெனூபாவிடம் வந்தது. அவளுக்கு அங்கே பதினான்கு வருடச் சேவை. மெதடிஸ்த மிஷன் வீட்டுக்குக் கூரை மாற்றிய நேரம் அங்கிருந்து கொண்டுவந்து வைத்த தகரப் பெட்டி ஒன்று மூலையில் இருந்தது; அதற்கும் ஒன்று ஒட்டினாள். எரிக்குமுன் உள்ளே இருப்பதைப் பட்டியல் எழுத வேண்டும் என்பது இரண்டாவது விதி. பதினான்கு வருடத்தில் ஓர் ஆவணத்தைத் திறந்து பார்க்கும்படி அவளுக்கு வந்த முதல் உத்தரவும் அதுதான்.

கறையான் தின்ற தேவாலய அறிவித்தல்களுக்கு அடியில், தோல் அட்டை போட்ட உள்ளங்கை அளவுக் குறிப்பேடு ஒன்று கிடந்தது. மண்ணிற மை. எழுத்துகள் நண்டு ஊர்ந்த மாதிரி இருந்தன. அவளால் வாசிக்க முடிந்தது 1664 என்ற வருடத்தை மட்டும்தான்.

ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர் செபரட்ணம் சேருக்கு அவள் போன் எடுத்தாள். மிஷன் பாதிரிமாரின் பழைய கடிதங்களை வாசித்தே வளர்ந்தவர் அவர். பூதக்கண்ணாடியோடு வந்தவர், ஒன்பது நாள் ஆவண அறை மேசையை விட்டு எழும்பவில்லை.

"இது ஒரு இங்கிலீஷ் கப்பல்காரன் எழுதினது மகள். பேர் தோமஸ் வில்லட். மலைநாட்டு ராசா பிடிச்சு வெச்சிருந்த இடத்தில இருந்து தப்பி, காட்டால இறங்கி வந்திருக்கான். காய்ச்சலோட நம்மட பக்கத்து வயலுக்க விழுந்திருக்கான்."

"நம்மட பக்கம் எண்டு எப்படித் தெரியும் சேர்?"

"ஒரு பக்கம் திரும்பினாக் கடல், மற்றப் பக்கம் திரும்பினா வயல் எண்டு எழுதியிருக்கான். வேற எங்க?"

ஒரு பக்கத்தை அவர் மெல்ல மெல்லத் தமிழில் சொன்னார். "காவல் பரணில் இருந்த புருஷனும் பெண்சாதியும் என் பெயரைக் கேட்குமுன் கஞ்சி தந்தார்கள். பெயரை மூன்றாம் நாள்தான் கேட்டார்கள். சொன்னேன். அது அவர்கள் வாயில் வரவில்லை. மூவரும் சிரித்தோம்." அதற்குக் கீழே, ஓலைக் கூரையில் விழும் மழையைப் பற்றி நாலு வரிக் கவிதை. அதை வாசித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போகும்போது ஜெனூபா பஸ்ஸில் தன் இறங்குமிடத்தைத் தவறவிட்டாள்.

மறுநாள் குறிப்பேட்டை மிஹ்லார் சேரின் மேசையில் வைத்தாள். அவர் விரல் நுனியால் புரட்டினார்.

"எந்த மொழி?"

"இங்கிலீஷ் சேர்."

"மிஸ், நான் இங்கிலீஷ் டிப்ளோமா முடிச்ச ஆள். மழைக்கு இவர் எழுதியிரிக்கிற எழுத்தைப் பாருங்க, கடைசியில ஒரு எழுத்துக் கூட. அடுத்த பக்கத்தில அதே மழை வேற மாதிரி."

"அந்தக் காலத்தில அப்படித்தான் எழுதினதாம் சேர்."

"அந்தக் காலத்தில பிழை பிழையில்லையா?" அவர் சிவப்புப் பேனையை எடுத்தார். ஜெனூபா குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சரி, எழுதினவரையே திருத்தித் தரச் சொல்லுங்க."

"அவர் மௌத்தாகி முந்நூறு வருசத்துக்கு மேல சேர்."

"அது எழுத்தில இரிக்கா?"

இருக்கவில்லை. ஸ்டிக்கரைக் கழற்ற வேண்டுமானால் கொழும்புத் தலைமை அலுவலகத்தின் படிவம் வேண்டும். படிவத்தின் ஏழாம் கூடு ஆவணத்தை எழுதியவரின் அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டது. எட்டாம் கூடு அவருடைய சம்மதத்தைக் கேட்டது. அவர் காலமானவராயின் மரணச் சான்றிதழை. இதில் ஒன்றும் இல்லை என்று ஜெனூபா விளக்கமாகக் கடிதம் எழுதினாள். அதிசயமாகப் பதிலும் வந்தது.

"மேற்படி நபரின் மரணம் ஆவண ரீதியாக உறுதிப்படுத்தப்படாமையினால், அன்னார் மரணிக்கவில்லை எனக் கருதி மேலதிக நடவடிக்கை எடுக்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்ளப்படுகின்றீர்."

அவள் கிராம சேவகரிடம் போனாள். நல்ல மனிதர். கதிரை போட்டு, வாக்காளர் இடாப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தார்.

"இந்தாள் என்ட பிரிவில இல்லையே மிஸ். இல்லாத ஆள் எப்படி மௌத்தாக ஏலும்?"

"அப்ப என்ன செய்யலாம்?"

"இவர் இங்க குடியிருந்தவர் எண்டு அயலவர் ரெண்டு பேர் கையெழுத்து வெச்சுத் தரட்டும். முதல்ல ஆள இருக்கிறவராப் பதிவம். பிறகு மௌத்தாக்குவம்."

ரெண்டு கையெழுத்துத் தேடப் போனதில் கதை ஊருக்குள் பரவிவிட்டது. ஒரு கிழமைக்குள் நாற்பத்தொரு பேர் கையெழுத்து வைக்க வந்தார்கள். அவன் குடியிருந்தது தங்கள் வளவில்தான் என்று ஆளுக்கொரு விலாசம் எழுதியதால், கிராம சேவகரால் ஒன்றையும் பதிய முடியவில்லை. போன வருடம் வரைக்கும் அரபு நாட்டு வணிகர் பரம்பரை என்று வீட்டு மண்டபத்தில் வம்ச அட்டவணை மாட்டியிருந்தவர்களுக்கு, மூத்தவாப்பாவின் கண் கொஞ்சம் பூனைக்கண் என்பது திடீரென ஞாபகம் வந்தது. சம்மாந்துறை அரிசி ஆலைக்காரர் ஒருவர், வெள்ளைக்காரன் விழுந்தது தன் வயலுக்குள்தான் என்று சொல்லி 'வில்லட் சம்பா' பொதி போட்டார். ஒரு கலியாண மண்டபம் பெயர் மாற்றிக்கொண்டது. ரியூசன் வகுப்பு ஒன்றின் பலகையில் '1664 முதல் ஆங்கிலம்' என்று ஏறியது. அவன் எங்கட வேதக்காரன் என்று கிறிஸ்தவர்களில் சிலரும் விட்டுக்கொடுக்கவில்லை.

குறிப்பேட்டை வாசித்துப் பார்க்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பரணில் காவல் காத்த கூலிக்காரப் புருஷன் பெண்சாதியின் வழியில் வந்தவர்கள் நாங்கள் என்று சொல்லிக்கொண்டும் ஒருவர்கூட வரவில்லை.

இவ்வளவு பேர் பேசும் விடயம் தன் அலுவலகத்தில் இருப்பதை மிஹ்லார் சேர் கண்டுகொண்டார். மரபுரிமைக் கூடம் ஒன்று உதித்தது. குறிப்பேட்டின் வாசகங்களைப் பிழை திருத்தி, சுருள் சுருளான எழுத்தில் அச்சடித்து, தாளைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்து, ஓரங்களை மெழுகுதிரியில் கருக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மேலே ரெண்டு விளக்கு. பக்கத்தில் செல்பி எடுக்க ஒரு வட்டம். பார்த்தவர்கள் எல்லோரும் "அச்சொட்டா அசல் மாதிரியே இரிக்கி" என்றார்கள். அசலைப் பார்த்தவர்கள் ஊரில் மூன்று பேர்தான்.

திங்கட்கிழமை மிஹ்லார் சேர் ஜெனூபாவைக் கூப்பிட்டார்.

"மிஸ், இப்ப நம்மட கையில பிரதி இரிக்கி. பிழையில்லாதது. வாசிக்கவும் ஏலும். அப்ப அந்தப் பழசு எதுக்கு?"

"அதுதான் அசல் சேர்."

"ஒரே விசயம் ரெண்டு இரிந்தா அதில ஒண்டு மேலதிகம். மூணாவது விதி. புதன்கிழமை நடுவர்மார் வாறாங்க. நாளைக்கு எரிச்சிடுங்க." கொஞ்சம் யோசித்து, "எனக்கும் கவலதான்" என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம்.

ஜெனூபா ஆவண அறைக்குள் போய் உட்கார்ந்தாள். மடியில் குறிப்பேடு. வீட்டுக்குக் கொண்டுபோனால் களவு. வைத்திருந்தால் விதிமீறல். பதினான்கு வருடத்தில் இந்த அறையில் அழியாமல் தப்பியது எது என்று யோசித்தாள். காணி உறுதிகள் போயின. வரைபடங்கள் போயின. மின்விசிறி திருத்தித் தருமாறு 1987இல் யாரோ எழுதிய கடிதத்தின் பைல் மட்டும் பழுதில்லாமல் நின்றது. அதற்குப் பதில் வரவில்லை. பதில் வராத பைலைத் தொட எந்த உத்தியோகத்தருக்கும் தைரியமில்லை.

அவள் கணினிக்கு முன்னால் அமர்ந்து தன் வாழ்க்கையிலேயே மிக அழகான கடிதத்தை எழுதினாள்.

"தங்கள் அறிவுறுத்தலின்படி மரணிக்காதவராகக் கருதப்படும் திரு. தோமஸ் வில்லட் அவர்களின் தற்போதைய வயதினை எப்பிரிவில் பதிவு செய்வதென அறியத்தருமாறு பணிவுடன் வேண்டுகின்றேன். இணைப்பு: அன்னாரின் குறிப்பேடு (பாதுகாப்புக் கருதி இவ்வலுவலகக் கோப்பில் வைக்கப்பட்டுள்ளது)."

நாலு திணைக்களங்களுக்குப் பிரதியிட்டாள். குறிப்பேட்டைப் பைலுக்குள் வைத்துக் கட்டி, மேலே 'நடவடிக்கையில் உள்ளது' என்று எழுதினாள். மிஹ்லார் சேர் அதைப் பார்த்துவிட்டு, சூடான சட்டியைத் தொட்டவர் போல கையை எடுத்தார்.

"பதில் வரட்டும்" என்றார்.

அலுவலகத்துக்கு முதலாம் பரிசு கிடைத்தது. அன்று நண்பகல் ளுஹர் தொழுதபின் ஜெனூபா கையேந்திக் கேட்ட துஆ வழமையைவிட நீண்டது.

மூன்று வருடம் போனது. மிஹ்லார் சேர் பதவி உயர்ந்து மாறிப் போக, அந்தக் கதிரைக்கு ஜெனூபா வந்தாள். பதில் வந்துவிடாதபடி பார்த்து நினைவூட்டல் கடிதங்களை எழுதிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் தம்பிலுவிலிலிருந்து ரெண்டு பஸ் மாறி ஓர் இளம்பெண் வந்தாள். பெயர் கேதீஸ்வரி. பழைய ஆங்கிலக் கையெழுத்துகளைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்கிறவள்.

"செபரட்ணம் சேர்தான் அனுப்பினார் மிஸ். அவருக்கு இப்ப கண் தெரியாது. நான் வாசிச்சுச் சொன்னாக் கேட்கிறாராம். ஒரு மணித்தியாலம் தந்தாக் காணும்."

மூன்று வருடமாக ஜெனூபா காத்திருந்தது இப்படி ஒரு ஆளுக்குத்தான். ஆனால் பைலைத் திறந்தால் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதினால் நடவடிக்கை எடுக்கப்பட்டதாகிவிடும். நடவடிக்கை முடிந்த பைலுக்குச் சிவப்பு ஸ்டிக்கர்.

"பைல் நடவடிக்கையில இரிக்கி தங்கச்சி."

"எப்ப முடியும்?"

"கொழும்பில இரிந்து பதில் வரணும்." அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல், "எழுதினவர்ர சம்மதக் கடிதம் இரிந்தா இண்டைக்கே காட்டுவன்" என்றாள்.

ஜெனூபா கண்ணாடிப் பெட்டியைக் காட்டினாள்.

"அதப் பாருங்களன். அதுக்கு அனுமதி தேவையில்ல."

"அதில எழுத்தெல்லாம் திருத்தியிருக்கு மிஸ்."

"ஓம்."

"நாளைக்கு வந்து பார்க்கட்டா?"

"வாங்க."

வாசலில், நூலில் கட்டிய பேனையோடு பொதுமக்கள் கருத்துப் புத்தகம் இருந்தது. கேதீஸ்வரி பேனையை எடுத்து, வெகுநேரம் யோசித்து, எழுதிவிட்டுப் போனாள். அவள் பஸ் ஏறியதைப் பார்த்த பிறகுதான் ஜெனூபா எழும்பிப் போய் வாசித்தாள்.

"சேவை மிகவும் திருப்தி. உத்தியோகத்தர் அன்பாக நடந்துகொண்டார். நன்றி."

முன்பக்கங்களைப் புரட்டினாள். நூற்றுக்கணக்கான கையெழுத்துகள், மூன்று மொழிகள், ஒரே வாசகம். எழுதிய எல்லோருமே வந்த அலுவல் முடியாமல் மறுநாளும் வர வேண்டியவர்கள்.