பாடகர் பெஞ்சில் கத்துகிற கருவி பற்றி ஜோஸ் அண்ணனுக்கு

பபேடான், யாங்கோன்
வெள்ளிக்கிழமை

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய ஜோஸ் அண்ணனுக்கு,

தங்கை பெர்சிஸ் தோத்திரம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் கிருபையாலும், அவர் மனம் வைக்கிற நேரத்தில் வருகிற கரண்ட்டாலும் இங்கே எல்லாரும் சுகம். அண்ணி, பிள்ளைகள், உங்கள் முதுகுவலி எல்லாம் எப்படி என்று அறிய ஆவல்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன்; சுற்றி வளைத்தால் எனக்கே தைரியம் போய்விடும். ஆராதனை நேரத்தில் யாருடைய கைபேசியாவது வேலை செய்தால் கண்டுபிடித்துக் கத்துகிற கருவி ஒன்றை எங்கள் கோயிலுக்காகச் சிங்கப்பூரிலிருந்து அனுப்பினீர்கள் அல்லவா, அது பழுதானது, அதன் சத்தத்தை நம்பி யாரையும் குற்றம் சொல்லக் கூடாது என்று உங்கள் கடை லெட்டர்ஹெட்டில் முத்திரை போட்டு எழுதித் தர வேண்டும். அடுத்த மாதம் முதல் ஞாயிறு கமிட்டி கூடுகிறது. அதற்குள் வராவிட்டால் ரெபேக்கா அக்காவைப் பாடகர் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள். அக்கா அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து முப்பத்தொரு வருடமாகிறது. எடுக்கச் சொல்கிற சட்டத்தை எழுதியது செயலாளராகிய நான். கருவியில் ஒரு பழுதும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இதெல்லாம் அறுப்பின் பண்டிகையன்று ஆரம்பித்தது. எல்லாரும் முழங்காலில் நின்று பாவ அறிக்கை சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒருவரின் கைபேசி பர்மியக் காதல் பாட்டுப் பாடியது. நம் ஆண்கள் கைபேசியை லோஞ்சியின் இடுப்புக் கட்டில், முதுகுப் பக்கம் செருகிக்கொள்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எடுத்து அணைத்தால் யார் என்று தெரிந்துவிடும் என்பதால் அந்த மனிதர் அசையாமல் நின்றார், பாட்டு முழுதும் முடிந்தது, நாங்களும் பாவங்களை முடித்துக்கொண்டோம். அன்று சாயங்காலமே பாஸ்டர் அருள்ஜோதி ஐயா என்னைக் கூப்பிட்டுச் சட்டம் எழுதச் சொன்னார். சட்டம் எழுத உட்கார்ந்தால் எனக்குக் கையெழுத்து அழகாகிவிடுகிறது, அண்ணா. அதை இப்போது நினைத்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. மூன்று தரம் பிடிபட்டால் கோயிலில் வகிக்கிற பொறுப்பு போகும் என்ற வரியை யாரும் கேட்கவில்லை. தாளில் இடம் இருந்தது, நானாகச் சேர்த்தேன்.

கருவி வந்ததும், கோயிலைத் திறந்து மூடுகிற சிலுவைமுத்துத் தாத்தா ஏணியில் ஏறி அதை வாசலுக்கு மேல் மாட்டினார். தெருவில் போகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் டாக்சிக்கும் எதிர்த் தேநீர்க்கடைக்கும் அது கத்தியது. கத்தியதும் சீன மொழியில். ஏதோ வணக்கம் சொல்கிறது என்று நினைத்துத் தாத்தா ஒவ்வொரு தரமும் "மிங்கலாபா" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். சொந்தக் குரலையும் பதியலாம் என்று உங்கள் குறிப்பில் இருந்ததால் நான் ஜன்னலோரம் நின்று, தயவுசெய்து கைபேசியை அணைத்துவிடுங்கள் என்று தமிழிலும், நம் பிள்ளைகளுக்காகப் பர்மிய மொழியிலும் பதிந்தேன். முடிக்கிற நேரம் பார்த்துக் கீழே மொஹிங்கா நூடுல்ஸ் விற்கிற அம்மா கூவிவிட்டாள், அழிக்கவும் வரவில்லை, ஆகையால் எங்கள் கருவி கைபேசியை அணைக்கச் சொல்லிவிட்டுக் கடைசியில் மொஹிங்கா வேண்டுமா என்று கேட்கும். இதை எடுத்து உள்ளே, தெருவுக்குத் தூரமாக, பாடகர் பெஞ்சுக்கு மேல் மாட்டினோம். அந்த வாரம் எல்லாருடைய கைபேசியையும் வாசலில் வாங்கி ஒரு பெரிய ஷான் தோள்பையில் போட்ட தாத்தா, பத்திரமாக இருக்கட்டும் என்று பையைக் கருவிக்கு நேர் கீழே உள்ள ஆணியிலேயே மாட்டிவிட்டார், ஒருத்தரும் அணைத்துக் கொடுக்கவில்லை, பிரசங்கம் முழுக்க ஒரே மொஹிங்காதான். அதைவிட மோசம், பாட்டு நின்றுபோனது. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, கீர்த்தனைகளைப் பர்மிய எழுத்தில் எழுதிக் கைபேசியில் வைத்துத்தான் பாடுகிறார்கள் என்பதை அந்த அழகான சட்டம் எழுதும்போது நான் யோசிக்கவே இல்லை. பெரியவர்கள் ஏழு பேர் பாடினோம், மற்ற எல்லாரும் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரமே, கைபேசியை ஃப்ளைட் மோடில் போட்டுக்கொண்டு பாடலாம் என்று திருத்தினேன். தாத்தா வாசலில் நின்று ஒவ்வொரு திரையிலும் விமானப் படம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விட்டார்.

அதோடு எல்லாம் அடங்கியது, ரெபேக்கா அக்காவைத் தவிர. முதல் பாட்டுக்காக அக்கா பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் தலைக்கு மேல் என் குரல் ஆரம்பிக்கும், சபையே திரும்பி அக்காவைப் பார்க்கும், அக்கா கீர்த்தனைப் புத்தகத்தையும் விசிறியையும் தூக்கிக் காட்டுவார்கள். தொடர்ந்து மூன்று ஞாயிறு. கருவிக்குத்தான் பைத்தியம் என்று நான் உங்கள் குறிப்பில் உள்ளதை ஒன்றுவிடாமல் செய்தேன், உணர்திறன் திருகைப் பாதிக்குக் குறைத்தேன், பேட்டரி மாற்றினேன், ஆன்டெனாவைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். சனிக்கிழமை பாட்டுப் பழகும்போது தூங்குகிற குழந்தை மாதிரி இருக்கும், ஞாயிற்றுக்கிழமை அக்கா உட்கார்ந்தால் கத்தும். போன ஞாயிறு என் பென்சில் பெஞ்சுக்கு அடியில் உருண்டது, எடுக்கக் குனிந்தேன். அக்காவின் காலடியில் இருந்த துணிப்பை இருமியது, அண்ணா. ஆம்பளை இருமல்.

ஆராதனை முடிந்ததும் பின் அறையில் அக்காவை நிறுத்திக் கேட்டேன். துண்டில் சுற்றியிருந்த கைபேசியை எடுத்துக் காட்டினார்கள். பினாங்கில் நாற்காலி ஃபேக்டரியில் இருக்கிற மகன் ஜோயல்தான். இரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் முதல் பாட்டிலிருந்து ஆசீர்வாதம் வரைக்கும் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"வாயே தொறக்க மாட்டான் பெர்சிஸு. இன்னிக்கிச் சளி."

"அங்க கோயிலு இல்லியாக்கா?"

"இருக்கே. ஏசி போட்ட கோயிலு. அவன் கேக்குறது ஆராதனைய இல்லடி, எங்கொரல."

கமிட்டியில் சொல்லிவிடலாம், எல்லாரும் புரிந்துகொள்வார்கள் என்றேன். அக்கா கைபேசியைத் திரும்பத் துண்டில் சுற்றினார்கள்.

"சொன்னா பாவம்னு விட்டுருவாக. பாவம் பாத்துக் குடுக்குற பெஞ்சு எனக்கு வேணாம். போன நான் நிறுத்த மாட்டேன், நீ எழுதுன சட்டத்துக்கு என்னை எறக்கிவிடு."

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன், அண்ணா. அக்காவைக் காட்டிக்கொடுக்காமல், என் சட்டத்தையும் உடைக்காமல் தப்பிக்க ஒரே வழி பழியைக் கருவி மேல் போடுவதுதான். அதற்கு வாய் இருக்கிறது, ஆனால் என் குரலில்தான் பேசும், என்னை எதிர்த்து ஒன்றும் சொல்லாது. பொய் என்று தெரிந்துதான் கேட்கிறேன். செவ்வாய்க்கிழமை துணி எடுக்க அங்கே வருகிற எங்கள் தெரு பல்கீஸ் கையில் இதைக் கொடுக்கிறேன், அவளிடமே பதிலைக் கொடுத்துவிடுங்கள். போனில் கேட்கலாம்தான், இந்த மாதிரி விஷயத்தைப் போனில் பேச இப்போது பயமாக இருக்கிறது.

கர்த்தர் உங்கள் கடையையும் வீட்டையும் முதுகையும் ஒருசேரக் காப்பாராக. அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள தங்கை,
பெர்சிஸ்

பி.கு.: பல்கீஸின் பயணம் மூன்று வாரம் தள்ளிப்போய் இந்தக் கடிதம் என் பையிலேயே கிடந்தது, கமிட்டியும் கூடிவிட்டது. கருவி பழுது என்று நான் எழுந்து ஆரம்பித்தேன். "பெர்சிஸு, நீ ஒக்காரு," என்றார்கள் ரெபேக்கா அக்கா. எனக்காக ஒருத்தி கோயிலில் நின்று பொய் சொல்ல வேண்டாம் என்று சொல்லி, துண்டைப் பிரித்து, ஜோயல் லைனிலேயே இருந்த கைபேசியை மேஜை மேல் வைத்து நடந்ததைச் சொன்னார்கள். பாஸ்டர் ஐயா குனிந்து, தம்பி நாங்கள் பாடுவது உனக்கு நன்றாகக் கேட்கிறதா என்று பரிவோடு கேட்டார். "நல்லாக் கேக்குதுங்கய்யா. ரெண்டாவது சரணத்துல அம்மா மட்டும் சுருதி ஏறிப் போயிருறாங்க, ரெண்டு வருசமா சொல்லணும்னு இருக்கேன்," என்றான் ஜோயல். அண்ணா, அது எங்கள் எல்லாருக்கும் தெரியும், சொல்லத்தான் ஆளில்லை. கமிட்டி ஒருமனதாகத் தீர்மானித்தது: அக்கா பெஞ்சிலேயே இருக்கலாம், கைபேசியும் இருக்கலாம், ஒவ்வொரு ஞாயிறும் ஜோயல் சுருதி பார்த்துச் சொல்ல வேண்டும். பாவம் பார்த்து ஒருவரும் பேசவில்லை. ஆகவே மேலே கேட்ட கடிதம் வேண்டாம். அதற்குப் பதிலாக, கருவி மிகவும் நல்ல கருவி, அது கத்தினால் எப்பேர்ப்பட்ட கைபேசியையும் உடனே அணைத்தாக வேண்டும் என்று அதே லெட்டர்ஹெட்டில் எழுதி அனுப்புங்கள். கேட்பது நானல்ல, ரெபேக்கா அக்கா.