அப்பீல் அண்ணனும் மாடி வகுப்பும்

கேமரன் மலையில் 'முடியாது' என்ற சொல்லுக்குப் பயப்படாத ஒரே மனிதர் எங்கள் அப்பீல் அண்ணன்தான். எஸ்டேட்டில் தேயிலை லோரி ஓட்டுபவர். சொந்தப் பெயர் அவருடைய ஐசி அடையாள அட்டையில் இருக்கலாம். எங்கள் லயத்து வீடுகளில் யாருக்கும் தெரியாது.

டீயில் சீனி கூடாது என்று டாக்டர் சொன்னதும், நேராகப் பல் டாக்டரிடம் போய் அப்பீல் செய்தார். அவரும் கூடாது என்றார். "ரெண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரி லா, விட்டுக் கொடுப்பாங்களா?" என்று கம்போங் ராஜாவில் நாட்டு வைத்தியரைத் தேடிப் போனார். திருவிழாவில் மழை பிடித்துக்கொண்டால் மாரியம்மன் முன்னால் நின்று, "தாயே, இன்னொரு வாட்டி யோசிச்சுப் பாரு" என்பார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

போன வருடம் என் மகளை முதலாம் வகுப்பில் சேர்க்கப் போனோம். அவளுக்கு இடது காலில் வலு குறைவு, பட்டை போட்டுத்தான் நடப்பாள். வகுப்பு மாடியில் இருக்கிறது, பிள்ளையால் ஏற முடியாது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார் தலைமையாசிரியர். என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? தலையை ஆட்டி, "ரொம்ப நன்றிங்க சார்" என்று கும்பிட்டுவிட்டு வந்தார்! துரை வேலை இல்லை என்று விரட்டினாலும் நன்றி சொல்லிவிட்டு வரும் பரம்பரை எங்களுடையது. விஷயம் புரியாத மகள் புதுப் பையை முதுகிலிருந்து கழற்றவே இல்லை.

கேள்விப்பட்டு அண்ணன் வந்தார்.

"முடியாதுன்னு எழுதிக் கொடுத்தாரா?"

"இல்லண்ணே, வாயாலதான்."

"வாயால சொன்னத நாளைக்கு இல்லம்பாங்க லா. காரணத்த எழுதி வாங்கு தங்கச்சி. டாக்டர்கிட்ட, பிள்ள மத்தவங்களோட படிக்கலாம்னு ஒரு கடுதாசி. ரெண்டையும் எடுத்துக்கிட்டு தானா ராத்தா டவுன்ல இருக்கிற கல்வி ஆபீசுக்குப் போலாம்."

இரண்டையும் வாங்கிக்கொண்டு, லோரியில் நெருக்கியடித்து நாலு பேரும் போனோம். அதிகாரி ஒரு மலாய்க்காரம்மா. பள்ளிக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு, "பெற்றோர் சம்மதித்துவிட்டார்கள் என்கிறார்களே?" என்று கேட்டார். எங்கள் நன்றி அங்கே சம்மதமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

அண்ணன் எழுந்துவிட்டார். மலாயும் தமிழும் கலந்து கொட்டினார்.

"புவான், இவங்க எஸ்டேட்டு ஆளுங்க. அடிச்சாலும் நன்றிதான் சொல்லுவாங்க. அது சம்மதம் இல்ல லா! பிள்ள எதுக்கு மாடி ஏறணும்? கிளாஸ் கீழ இறங்கட்டும்!"

அந்தம்மா சிரித்துவிட்டார். பிறகு, "இதையே மேல்முறையீட்டில் எழுதிக் கொடுங்கள், நான் பார்க்கிறேன்" என்றார். எழுதிக் கொடுத்தோம். பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் சிற்றுண்டிச்சாலைக்குப் பக்கத்து அறைக்கு முதலாம் வகுப்பு இறங்கி வந்தது. மகளுக்கும் இடம் கிடைத்தது.

பள்ளி திறந்த அன்று அண்ணனும் எங்களோடு வாசலில் நின்றார். மகள் மெதுவாக நடந்து போய், வகுப்புக் கதவருகில் திரும்பிக் கை காட்டினாள். எனக்கல்ல, அவருக்கு. எனக்குப் பொறாமை வரவில்லை. கூடப் பிறந்தவர்கள் என்று எனக்கு யாரும் கிடையாது. அன்று அந்தக் குறை தெரியவில்லை.