ஹெர்ட்ஸ் சார் அலை அனுப்புகிறார்

ஸ்பீக்கர் வாயைத் திறக்கவில்லை.

கம்பெனியில் ஹெர்ட்ஸ் சார் என்றே பெயர் வாங்கிவிட்ட பெரியவர் சிக்னல் ஜெனரேட்டரைப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. ஒயர் சரியாகத்தான் செருகியிருந்தது. எதிரே, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால், கதவோரம் கைகட்டி நின்ற மேனேஜர்.

மேனேஜருக்கு அவர் மகன் வயதுதான். "நீங்க ரிட்டயர் ஆனாலும் இங்கேயே ட்ரெயினரா வெச்சுக்கலாம்னு பாக்கறேன் சார். ஒரு கிளாஸ் நேர்ல பாத்துட்டுச் சொல்லுன்னு மேலிடத்துல சொல்றாங்க" என்றிருந்தார். ஹெர்ட்ஸ் சார் அதைக் கேட்டுச் சிரித்தார். ஆனால் காலையில் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டார், மனைவியை நம்பாமல்.

"பசங்ககிட்ட கத்தாம பேசுங்க" என்று அவள் வாசலில் சொல்லி அனுப்பினாள்.

"நான் எங்கடி கத்தறேன்?" என்றார். தெருவே திரும்பிப் பார்த்தது.

அது ஒலிபெருக்கி செய்யும் கம்பெனி. ஜெனரேட்டரிலிருந்து மின் அலையை அனுப்பினால் ஸ்பீக்கர் ஒரே சுருதியில் பாட வேண்டும்; கரகரத்தால் ஒதுக்கிவிடுவார்கள். அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஸ்கோப் ரிப்பேருக்குப் போயிருந்தது. ஜெனரேட்டரும் புதுசு. பழையதில் இடப்பக்கமிருந்து மூன்றாவது பொத்தான் ஆயிரம் ஹெர்ட்ஸ்; ஹெர்ட்ஸ் ஏற ஏறச் சுருதியும் ஏறும். இதிலும் அவர் விரல் கண்ணைக் கேட்காமல் மூன்றாவதையே அமுக்கியிருந்தது. பிறகு சத்தத் திருகைக் கால்வாசியில் வைத்து, "நான் முடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்கே பேசக் கூடாது. சந்தேகம் எல்லாம் கடைசியில" என்று சொல்லித்தான் ஆரம்பித்திருந்தார்.

"வோல்டேஜ் பத்தலை. புது மெஷின், கொஞ்சம் வெக்கப்படுது" என்று சமாளித்தபடி திருகை முக்கால்வாசி வரை ஏற்றினார்.

முன்வரிசைப் பெண் துப்பட்டாவை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டாள். சிரிப்பை மறைக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. காது மடல் சுட்டது.

"கேபிள்ல கோளாறு" என்று அதைப் பிடுங்கினார். பிள்ளைகள் அத்தனை பேரும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டார்கள். விட்டால் போதும் என்று இருக்கிறார்கள்! ரோஷத்தோடு வேறு கேபிளை எடுத்துச் செருகினார். முகங்கள் மறுபடி சுருங்கின.

"சைன் அலை சாது. சதுர அலை முரடு. இப்ப எழுப்பிடும் பாருங்க."

அலையின் வடிவத்தை மாற்றும் பொத்தானை அமுக்கினார். ஸ்பீக்கர் தூங்கியது. ஒரு நெட்டைப் பையன் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"என்ன தம்பி, தூக்கமா?"

அவன் வாய்க்குள் ஏதோ முனகினான்.

"சத்தமா சொல்லேன்!"

"ஒண்ணுமில்ல சார்."

இந்தக் காலத்துப் பிள்ளைகள் யாருக்கும் வாயைத் திறந்து பேசவே தெரியவில்லை.

அப்போது மேனேஜருக்கு போன் வந்தது. அதை ஒரு காதில் அழுத்தி, மறு காதை விரலால் அடைத்துக்கொண்டு அவசரமாக வெளியேறினார். பார்க்கச் சகிக்காமல்தான் போகிறார் என்று ஹெர்ட்ஸ் சாருக்குத் தோன்றியது. இஸ்திரி போட்ட சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. இத்தனை வருஷம் பிழைப்பு நடத்திய அறையில், ஒரு சின்னப் பெட்டி அவரை மதிக்க மாட்டேன் என்கிறது.

கடைசியாக ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி வந்து நடுவில் இணைத்தார். "இதுக்கும் மசியலைன்னா இது ஸ்பீக்கரே இல்ல, செங்கல்!" முழுசாகத் திருகினார்.

பிள்ளைகள் ஒருசேரக் குறுகிப்போனார்கள். துப்பட்டாப் பெண்ணின் கண்களில் தண்ணீர் நின்றது.

அதுதான் அவரை உடைத்தது. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தன் மகளைவிடச் சின்னப் பெண், தனக்காகப் பரிதாபப்பட்டு அழுகிறது.

மேனேஜர் கதவைத் திறந்துகொண்டு திரும்பி வந்தார். ஹெர்ட்ஸ் சார் அறைச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"வேற ஆளைப் பாத்துக்குங்க தம்பி. ஒரு ஸ்பீக்கரைப் பேச வைக்கத் துப்பில்ல, எனக்கு எதுக்கு ட்ரெயினர் வேலை? உங்களையும் தலைகுனிய வெச்சுட்டேன்."

மேனேஜர் சாவியைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹெர்ட்ஸ் சார் தரையைப் பார்த்தார்.

பக்கத்து அறை டைப்பிஸ்ட் பெண் கதவிடுக்கில் தலையை நீட்டினாள்.

"சார், கோவிச்சுக்காதீங்க, அந்தக் கீச்சு விசிலைக் கொஞ்சம் நிறுத்தறீங்களா? நீங்க ஆரம்பிச்சதுலேர்ந்து எங்க ரூம்ல எல்லாரும் காதைப் பொத்திக்கிட்டுதான் உக்காந்திருக்கோம்!"