டோரீனுக்கு டங்கன் பாடிய பாட்டு

பார்ன்ஸ்லி,
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தம்பி வில்ஃபுக்கு,

அக்கா ஹில்டா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். மேற்கொண்டு உட்கார்ந்து படி.

நம் டங்கன், என் மகள் பெற்ற பிள்ளை, பத்தொன்பது வயதில் வெள்ளிநிறக் கால்சட்டை போட்டுக்கொண்டு டிவியில் ஆடிப் பாடினானே, அந்தக் குழு உடைந்து, அப்புறம் விடுமுறை முகாம், உல்லாசக் கப்பல் என்று பாடி, இப்போது எங்கே பாடுகிறான் தெரியுமா? சாவுச் சடங்கில்! "கல்யாணத்துல குடிச்சிட்டுக் கத்துவாங்க பாட்டி, இங்கதான் ஒழுங்கா உக்காந்து கேக்கறாங்க" என்கிறான்.

போன வெள்ளி பக்கத்து வீட்டு டோரீனுக்குத் தகனம். மகாராணியின் ஆட்சி வெள்ளிவிழாத் தெரு விருந்தில் கடை கேக்கைத் தன் கையால் செய்ததென்று சொல்லி என் பரிசைத் தட்டிக்கொண்டு போனாளே, அவள்தான். டங்கன் கிடார் பழகினபோது, "ஹில்டா, பூனை வாலைக் கதவுல நசுக்கிட்டியா?" என்று மதிலுக்கு மேலே எட்டிக் கேட்டவள். சாகும்போது அவளே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், டங்கன்தான் பாடணுமாம்! எனக்குத் தலை சுத்திடுச்சு.

பாதிரியார் ஜெபத்தை முடிச்சார். இவன் அதே வெள்ளிக் கால்சட்டையில வந்து நிக்கறான், தொப்பை மேலே வழியுது. "எழுந்து வா, எழுந்து ஆடு"ன்னு அந்தக் குழுப் பாட்டையே எடுத்தான் பாரு! அந்த வரி வந்தா எதிர்ல இருக்கறவங்களைப் பார்த்துக் கையை நீட்டறது அவன் வழக்கம். எதிர்ல யாரு? பெட்டிக்குள்ள டோரீன்! பாதிரியார் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டார். அவ புருஷன் ஸ்டான்லி எழுந்தான். அடிக்கத்தான் போறான்னு நினைச்சேன். அந்த மனுஷன் ஆடறான் வில்ஃப்! கைத்தடியோட, அழுதுகிட்டே! "அவ எழுந்திருக்க மாட்டாடா பையா, அவ பங்கையும் நானே ஆடறேன். இன்னொரு வாட்டி பாடு"ங்கறான். பாடினான்.

பிறகு சாண்ட்விச்சும் டீயும் கொடுக்கும்போது நாலு கிழங்கள் டங்கனைச் சூழ்ந்துகொண்டு, "தேதி இன்னும் தெரியல, ஆனா எங்களை விட்டுடாதே" என்று கெஞ்சுகிறார்கள்!

குடும்ப மானம் போச்சு. உன் கம்பளக் கடையில் அவனுக்கு ஒரு வேலை போட்டுக் கொடு. திங்கட்கிழமையே அனுப்பி வைக்கிறேன்.

மேவிஸுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. கர்த்தர் உங்களைச் சளி பிடிக்காமல் காப்பாராக.

உன் அக்கா,
ஹில்டா

பி.கு.: கடை வேலை வேண்டாம், அங்கே நினைத்த நாளில் லீவு தர மாட்டாய். டோரீனுக்கு இரண்டு வாட்டி பாடினான், என் சாவுக்கு மூன்று என்று அவனோடு பேசி முடித்துவிட்டேன். ஆட வேண்டியது நீ. இடுப்பை இப்போதே பழக்கு.