கேற்றடியாரின் ஓவர்டைம்

யாழ்ப்பாணத்தில் கலையை வளர்த்தவர்கள் யார் என்று அறிஞர்கள் இன்னமும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கட்டட்டும். ஆனால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தென்மராட்சியில் ஆடிய, பாடிய, படம் கீறிய அத்தனை பேரின் விலா எலும்பையும் கைப்பட அறிந்தவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் கேற்றடியார், எங்கள் ஊர் மில்லின் கேற் வாசலில் காவல் நின்றவர்.

போன வருடம் வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் போயிருந்தேன். பழைய நெசவாலைகள் நிறைந்த ஒரு பகுதியைச் சுற்றிக் காட்டினாள். பஞ்சுக் கிட்டங்கி ஓவியக்கூடமாகியிருந்தது. சாயம் போட்ட இடத்தில் கோப்பி விற்றார்கள். நெசவு மண்டபத்தில் நாடகம். எல்லாம் பார்த்துவிட்டு வெளியே வரும்போது வாசலில் நின்று இரண்டு கைகளையும் மேலே தூக்கினேன்.

"அப்பா, என்ன செய்யிறியள்? ஆக்கள் பாக்கினம்!" என்றாள் மகள். அங்கே நின்ற காவலாளி, பாவம், நான் கையசைப்பதாக நினைத்துத் தானும் கையைத் தூக்கினான். மகளுக்கு விளக்கம் சொல்ல முழுக் கதையையும் சொல்லவேண்டியிருந்தது.

கொடிகாமத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் ஊரில் ஒரு நெசவு மில் இருந்தது. போரால் நூல் வருவது நின்றது. பிறகு மின்சாரம் நின்றது. முதலாளி தறிகளைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது, "நான் வருமட்டும் பார்த்துக்கொள்" என்று வாசல் காவலாளியிடம் சொன்னாராம். பெரியவர்கள் போகிறபோக்கில் சொல்லும் பேச்சு. கேற்றடியார் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

பெரிய கூரையைக் கண்டால் கலைக்குப் பொறுக்காது. சனசமூக நிலையத்தார் முதலாளிக்குச் சொல்லியனுப்பி அனுமதி வாங்கினார்கள். நூல் அறை வாசிகசாலையாயிற்று. சாயக் கொட்டிலில் சித்திர வகுப்பு, மடிப்பு அறையில் சங்கீத வகுப்பு, நெசவு மண்டபத்தில் எங்கள் நாடக மன்றம். அதற்குச் செயலாளர் நான். ஊரே அதைக் கலைக்கூடம் என்றது. கேற்றடியார் மட்டும் மில் என்றார்.

மில் என்றால் மில்லின் சட்டம். தொழிலாளர் இடுப்பில் துணி சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதால் அந்தக் காலத்தில் வெளியே போகும் ஒவ்வொருவரையும் தடவிப் பார்ப்பது வழக்கம். அதையே தொடர்ந்தார். களவெடுக்க உள்ளே தூசியைத் தவிர ஒன்றும் இல்லை என்பது அவருக்குப் பொருட்டல்ல. மிருதங்க மாஸ்டரைத் தடவினார். மிருதங்கத்தையும் தடவினார். பெண்பிள்ளைகளைத் தொடமாட்டார். சங்கீத வகுப்புப் பிள்ளைகள் கேற்றடியில் வரிசையாக நின்று, "பிள்ளையாரறிய ஒண்டும் எடுக்கேல்லை" என்று சொன்னால் போதும். அவர்கள் அதைச் சுருதி சுத்தமாகவே சொன்னார்கள்.

இரண்டாவது சட்டம் நெருப்பு. பஞ்சு பற்றும் என்பதால் மில்லுக்குள் பீடியோ விளக்கோ கூடாது. பஞ்சு இல்லாவிட்டாலும் கூடாது. மூன்றாவது, ஆறு மணி. சைரன் ஊத மின்சாரம் இல்லாததால் மாமரத்தில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் இரும்பால் அடிப்பார். அடித்தால் எல்லாரும் வெளியே.

மன்றத்தில் பலர் அவரை நிற்பாட்டச் சொன்னார்கள். சம்பளமே வாங்காத மனிதரை எந்த வேலையிலிருந்து நிற்பாட்டுவது? பேசாமல் விட்டோம்.

இந்த நிலையில்தான் கடற்கரை ஊரான குருநகரிலிருந்து, மீன்பிடிக்கும் பொடியளுக்குக் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரை அழைத்து நாட்டுக்கூத்துப் போடும் ஆசை எனக்கு வந்தது. கூத்து என்றால் விடிய விடிய ஆடுவது. விளக்கில்லாமல் எப்படி? கேற்றடியார் மசியவில்லை. அண்ணாவியார் பெரிய மனதோடு கூத்தைச் சுருக்கி, பகல் இரண்டு மணிக்குத் தொடங்கச் சம்மதித்தார்.

இரண்டு மணிக்குத் தொடங்கியது கூத்தல்ல, தலைமையுரை. பிறகு ஆசியுரை, வாழ்த்துரை, சிறப்புரை. அரசன் வேடக்காரர் காத்திருந்து அலுத்து ஒண்டுக்குப் புறப்பட்டார். கேற்றடியார் விடுவாரா?

"கையைத் தூக்கும்."

"அண்ணை, நான் ராசா!"

"கேற்றாலை போறவன் எல்லாம் எனக்கு ஒண்டுதான். கிரீடத்தைக் கழற்றும். உள்ளுக்கை என்ன?"

"தலை, அண்ணை."

ஒருவழியாக நாலு மணிக்குக் கூத்துத் தொடங்கியது. கூரைக் கண்ணாடி வழியே விழுந்த வெயிலில் அரசனின் தாடியை ஒட்டிய பசை முதற்கொண்டு தெரிந்தது. ஆனாலும் சனம் வாய்பிளந்து பார்த்தது. கதை சூடுபிடித்து, அரசன் போருக்கு வாளை உருவிய நேரம், டாண் டாண் டாண் என்று தண்டவாளம் அடித்தது.

"ஆறு மணி! ஷிப்ட் முடிஞ்சுது. எல்லாரும் வெளியிலை வாங்கோ!"

அண்ணாவியார் என்னிடம் ஓடிவந்தார். "செயலாளர், மங்களம் பாடாமல் கூத்தை விடேலாது. ஆடினவனுக்கும் கூடாது, ஊருக்கும் கூடாது. அப்பிடி இறங்கினால் என்ரை பொடியள் நாளைக்குக் கடலுக்குப் போகமாட்டாங்கள்."

நான் கேற்றடிக்கு ஓடினேன். "அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. இது கூத்து. மில் இல்லை!"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது மில் இல்லையெண்டால், நான் ஆர் தம்பி?"

பின்னால் வந்த அண்ணாவியார் என்னை மெல்ல விலக்கினார். தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அண்ணை, வேலை முடியேல்லை. பொடியள் ஓவர்டைம் செய்யச் சம்மதம். நீங்கள்தான் அனுமதி தரவேணும்."

ஓவர்டைம்! எத்தனை வருடமாக ஒருவரும் அவரிடம் கேட்காத சொல். நிமிர்ந்து நின்றார்.

"என்ன வேலை மிச்சம்?"

"ஒரு சண்டை, ஒரு சாவு, ஒரு மங்களம்."

"ம். அரைகுறையாய் விடக்கூடாது. முடிச்சுப்போட்டுத்தான் வரவேணும்."

உள்ளே ஓடினோம். ஆனால் வேலைக்கு அனுமதி கிடைத்தாலும் சூரியன் ஓவர்டைம் செய்யவில்லை. மண்டபம் இருண்டது. வாள்கள் ஒன்றையொன்று தேடின. அந்த நேரம் மேற்கு ஜன்னலில் பளீரென்று வெளிச்சம். எட்டிப் பார்த்தேன். வெளியே ஏணியில் கேற்றடியார். எதிர்த் தேநீர்க் கடையின் பெற்றோமக்ஸ் விளக்கு அவர் கையில்.

"உள்ளுக்குத்தான் நெருப்புக் கூடாது. இது வெளியிலை. வேலையைப் பாருங்கோ!"

அன்று போர் முழுவதும் ஜன்னலோரமாகவே நடந்தது. அரசனும் வசதி பார்த்து அங்கேயே வந்து செத்தார். கேற்றடியார் கையை மாற்றி மாற்றிப் பிடித்தார். மங்களம் பாடி முடியும்வரை வெளிச்சம் இறங்கவில்லை.

சனம் கலைந்தது. கேற் ஆவென்று திறந்து கிடந்தது, காவலுக்கு ஆளில்லை. மில்லையே தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் ஒருவரும் போகவில்லை. யாரும் சொல்லாமலே வரிசையாக நின்றார்கள். முன்னுக்கு அரசன், கிரீடம் கையில். அவருக்குப் பின்னால் சிறப்புரை ஆற்றியவர், மிருதங்க மாஸ்டர், கடலுக்குப் போகும் பொடியள்.

கேற்றடியார் தோளைத் தடவிக்கொண்டு வந்தார். "கை உளையுது. இண்டைக்கு ஒண்டும் பாக்கேல்லை, போங்கோ."

"அதெப்பிடி அண்ணை?" என்று அரசன் கைகளைத் தூக்கினார். "பாத்துத்தான் விடவேணும்."

வரிசை முழுக்கக் கைகள் உயர்ந்தன. அவர் அரசனில் தொடங்கினார். என் முறை வந்தபோது நன்றாக நிமிர்ந்து, கைகளை எட்டியமட்டும் தூக்கிக் கொடுத்தேன். அந்த மனிசனில் எனக்கு அவ்வளவு பட்சம் என்று அதுவரை எனக்கே தெரியாது.