அமைதியான பூனை, படம் எண் மூன்று

ஒஹாயோ மாநிலத்துக் கெட்டில் ஃபோர்க் ஊராட்சியில், ஹாலோவீன் பண்டிகைக்குப் பரங்கிக்காயில் முகம் செதுக்குவது குறித்து ஏழு பக்கத் தீர்மானம் ஒன்று ஏகமனதாக நிறைவேறியது. பரங்கிக்காயைத் தின்பது குறித்து அந்த ஊரில் இன்றுவரை ஒரு வரி கிடையாது.

காரணம் இல்லாமல் தீர்மானம் வருமா? முந்தைய வருஷம் யாரோ வாசலில் செதுக்கி வைத்த சூனியக்காரி அச்சு அசலாகத் தன்னைப் போலவே இருப்பதாக ஓர் அம்மாள் மனு கொடுத்திருந்தார். இல்லை என்று ஒருவராவது சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. அதனால் விஷயம் முற்றிவிட்டது.

இனிமேல் யாரும் சொந்தமாக யோசித்துச் செதுக்கக் கூடாது. ஊராட்சியே ஸ்டென்சில் தாள் அச்சடித்துக் கொடுக்கும். அதிலுள்ள படத்தைக் காயின் மேல் பதித்து, அலுவலகத்தில் காட்டி முத்திரை வாங்கியபின் செதுக்கலாம் என்று முடிவானது. மூன்று படங்கள் தேர்வாயின. நிலா எந்த மதத்தைச் சேர்ந்தது என்று ஒருவர் கேட்டதால் நிலா போயிற்று. ராத்திரியெல்லாம் விழித்திருப்பது பள்ளிப் பிள்ளைகளுக்குத் தவறான முன்மாதிரி என்று ஆந்தையும் போயிற்று. மிஞ்சியது பூனை. அதுவும் முதுகை வளைத்துச் சீறக் கூடாது என்பதால் அதற்கு ‘அமைதியான பூனை, படம் எண் மூன்று’ என்று பெயர்.

முத்திரை பெற்ற வீடுகள் மட்டுமே ஊராட்சி போடும் ஹாலோவீன் வரைபடத்தில் இடம்பெறும். அன்று மாலை பள்ளிப் பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு மிட்டாய் வாங்க வரிசையாக வரும்போது வரைபடத்திலுள்ள வீடுகளில் மட்டுமே நிற்பார்கள்.

ஆல்டர் தெரு பதினாலாம் நம்பர் வீட்டில் இருந்த லோவல் கிரீபுக்கு இது பெரிய கவலையாகிவிட்டது. பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக். வசந்த காலத்தில்தான் விவாகரத்து ஆகியிருந்தது. பத்து வயது மகள் டெஸா அம்மாவோடு இருந்தாள். அந்த வருஷம் ஹாலோவீன் வியாழக்கிழமை. வியாழக்கிழமையைக் கோர்ட் அம்மாவுக்குக் கொடுத்திருந்தது. ஆனால் பிள்ளைகளின் வரிசை ஆல்டர் தெரு வழியாகத்தான் போகும்.

“அப்பா, வரைபடத்துல உங்க வீடு இருக்கா?” என்று டெஸா போனில் கேட்டாள்.

“இருக்கும் கண்ணு.”

“இருக்கும்னா? இருக்கா, இல்லையா?”

“அடடா, இருக்கும்னா இருக்கும். உனக்குப் பிடிச்ச சாக்லேட் ஒரு கூடை வாங்கி வச்சிருக்கேன்.”

“ஒரு வீட்ல ரெண்டே ரெண்டு நிமிஷந்தானாம்ப்பா.”

“ரெண்டு நிமிஷம் போதும்” என்றார் லோவல். போதாது. மகளைப் பார்த்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

அன்றைக்கே உட்கார்ந்துவிட்டார். உருண்டைக் காயின் மேல் தட்டைத் தாளை வைத்தால் சுருங்காமல் என்ன செய்யும்? பூனைக்கு ஒரே நாளில் தொண்ணூறு வயதானது. அதனால் ஊரில் எல்லோரும் செய்வதுபோல, தாளின் ஓரத்தைச் சுற்றி அங்கங்கே கத்தரியால் வெட்டிவிட்டு, படிய ஒட்டினார். கோட்டின் மேலேயே குண்டூசியால் நெருக்க நெருக்கமாகக் குத்தி, தாளை உரித்து, காயின் மேல் கோதுமை மாவைத் தேய்த்தார். குத்திய புள்ளிகளில் மாவு ஏறி, பூனை வெள்ளை வெளேரென்று எழுந்து வந்தது. மனுஷன் மெக்கானிக் ஆயிற்றே, ஒரு புள்ளி பிசகவில்லை.

ஊராட்சி அலுவலகத்தில், பருவகால அலங்கார ஒழுங்கு அலுவலர் நடீன் ப்ரூயிட் முதலில் காயைப் பார்க்கவில்லை. தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

“ஓரமெல்லாம் வெட்டியிருக்கீங்களே?”

“காய் உருண்டை, தாள் தட்டை, மேடம். வெட்டுனாத்தான் படியும்.”

“நாலாம் பக்கம். ஊராட்சி வழங்கும் தாளை மடிக்கவோ வெட்டவோ நனைக்கவோ கூடாது. இது பொதுச் சொத்து.”

“ஊசியால முன்னூறு ஓட்டை போட்டிருக்கேனே, அது?”

“அது போடலாம். அஞ்சாம் பக்கம்.”

பிறகு மேசையிலிருந்து மர அளவுகோலை எடுத்துப் பூனையின் முன் நீட்டிப் பிடித்தார். “காதுக்கும் காதுக்கும் நடுவுல தாள்ல அஞ்சு அங்குலம். உங்க காய்ல நாலேமுக்கால்தான் வருது.”

“அளவுநாடாவை வளைச்சுப் பிடிங்க மேடம், அஞ்சு வரும்.”

“எங்களுக்கு அளவுகோல்தான் கொடுத்திருக்காங்க. அதை வளைக்க எனக்கு அதிகாரம் இல்லை.”

“அப்ப தப்பு யார் மேல?”

நடீன் நேர்மையான பெண்மணி. யோசித்துத்தான் எழுதினார்: ‘விண்ணப்பதாரர் மீது குறை ஏதுமில்லை. காய் ஒத்துழைக்கவில்லை.’

லோவல் நேராக ஆர்வில் ஸ்டால் என்பவனின் பரங்கிக்காய்ப் பண்ணைக்குப் போனார்.

“தட்டையா ஒரு காய் வேணும், ஆர்வில்.”

“தட்டையாவா? கொடியிலயே ஒரு பக்கமா படுத்துக் கிடந்து வளர்ந்ததுதான் அப்படி இருக்கும். அதைப் பன்னிக்குப் போடுவேன். உனக்கு என்ன தலையெழுத்து?”

“பன்னி திங்கிறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டு.”

பன்றிக்கொட்டிலின் ஓரக் குவியலில் ஒன்று கிடந்தது. மண்ணில் அழுந்திய பக்கம் பலகை மாதிரி தட்டை, நோயாளி முகம் மாதிரி வெளிறல். புதுத் தாள் ஒரு சுருக்கம் இல்லாமல் உட்கார்ந்தது. அளவுகோல் அஞ்சு அங்குலம் காட்டியது. முத்திரை விழுந்தது. பதினாலாம் நம்பர் வீடு வரைபடத்தில் ஏறியது. லோவல் காரில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதார்; சந்தோஷத்தில்தான்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் ஆர்வில் பண்ணையில் கூட்டம். மூன்றாம் நாள் ‘அங்கீகாரம் பெற்ற தட்டைக்காய்’ என்று பலகை மாட்டிவிட்டான். ஊர் வாரப் பத்திரிகை, உருண்டை சலித்துவிட்டதாகவும் தட்டை என்பது ஒரு வாழ்க்கைமுறை என்றும் அரைப்பக்கம் எழுதியது. பக்கத்து வீட்டு கொரீன், லோவலின் வாசலில் கிடந்த பழைய உருண்டைக் காயைப் பார்த்து, “ஐயய்யோ, இன்னுமா இதை வச்சிருக்கீங்க? யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?” என்றாள். பன்றிகள் அந்த வருஷம் முதல்தரமான உருண்டைக் காய்களைத் தின்று கொழுத்தன.

வியாழக்கிழமை பொழுது சாயும் நேரம் ஆல்டர் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். இருபத்திரண்டு வாசலிலும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரே அமைதியான பூனை. லோவல் ஷேவ் செய்து, நல்ல சட்டை போட்டு, கூடையோடு படியில் நின்றார்.

இருபத்தாறு பிள்ளைகளோடு ஆசிரியர் வான்ஸ் கோக்கர் தெருமுனை வீட்டில் நின்றார். மிட்டாய் வாங்கினார்கள். அடுத்த வீட்டுக்கு வந்ததும் ஆசிரியர் பூனையைப் பார்த்தார், கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார், மறுபடி பூனையைப் பார்த்தார்.

“இந்த வீடு முடிஞ்சுதே?”

“ஆமா சார், இதே பூனைதான்!” என்றன பிள்ளைகள்.

கூடவே வந்த நடீன் டார்ச் அடித்துப் பார்த்தார். “ஆறாம் பக்கம். ஒரே அலங்காரத்தை இரண்டாம் முறை பார்வையிட்டுப் பிள்ளைகளின் நேரத்தை வீணாக்கக் கூடாது. நடங்க.”

நடந்தார்கள். வீட்டுக்கு வீடு கூடையைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் கத்த, வரிசை நிற்காமல் பதினாலாம் நம்பருக்கு வந்தது.

“சார், அது எங்க அப்பா!” தீயணைப்பு வீரர் தொப்பி போட்ட ஒரு குரல்.

“வரிசை கலையக் கூடாது டெஸா.”

லோவல் ஓடிவந்தார். “மேடம், எம் பொண்ணு மேடம்! ரெண்டே நிமிஷம்!”

“உங்க பூனையில ஒரு குறையும் இல்லை, லோவல்” என்றார் நடீன் வருத்தத்தோடு. “அதுதான் சிக்கலே.”

தொப்பி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே தெருக்கோடியில் மறைந்தது.

திங்கட்கிழமை ஊராட்சிக் கூட்டத்தில் ஆல்டர் தெருவே திரண்டு நின்று கொதித்தது. எல்லோருக்கும் முன்னால் லோவல்.

“இவ்வளவு சட்டம் போடத் தெரியுதுல்ல? ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு வாசல்லயும் ரெண்டு நிமிஷம் கட்டாயம் நிக்கணும்னு ஒரு சட்டம் போடுங்க! போடுவீங்களா, மாட்டீங்களா?”

கைதட்டல் ஓய வெகுநேரமானது. ‘ஸ்டென்சிலைத் தூக்கி எறியுங்கள், அவரவர் இஷ்டத்துக்குச் செதுக்குகிறோம்’ என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. பாதிப் பேர் அடுத்த வருஷத் தட்டைக்காய்க்கு ஆர்விலிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்கள். நடீன் ராப்பகலாக உட்கார்ந்து பதினோரு பக்கம் தயாரித்து, அடுத்த கூட்டத்தில் வாசிக்க எழுந்தார்.

“வாசிக்கறதெல்லாம் எதுக்கு மேடம், கையைத் தூக்கிடறோம்” என்றார் லோவல். முதலில் தூக்கிய கை அவருடையது.

மறுவருஷம் சட்டம் மணி மணியாக வேலை செய்தது. ஒரு வீடு தவறவில்லை. ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிஷம் நிறுத்தினார். லோவல் ஒவ்வொரு தொப்பிக்கும் முகமூடிக்கும் கீழே குனிந்து குனிந்து பார்த்தார்.

“டெஸா எங்க சார்?”

“அவளுக்குப் பதினொண்ணு ஆயிடுச்சே! பத்து வயசு வரைக்குந்தான் வரிசையில இடம். ஒன்பதாம் பக்கம். நீங்க படிக்கலையா?”

ஆசிரியர் தீர்மானத்தை எடுத்து நீட்டினார். ஒன்பதாம் பக்கத்தில் அப்படித்தான் இருந்தது. அதன் அடியில், ‘முன்மொழிந்தவர்: லோவல் கிரீப். வழிமொழிந்தவர்கள்: ஆல்டர் தெருவாசிகள் அனைவரும்.’